பத்தாம் வகுப்பில் 'நைட்': எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

கேள்வி சுருக்கமாக இது. அமெரிக்காவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் முதல் ஆண்டாக ஆங்கிலம் நடத்தும் தமிழ்ப் பெண் கேட்கிறார். பத்தாம் வகுப்புக்கு எலீ வீசலின் 'நைட்' பாடமாக வந்திருக்கிறது. நாஜி முகாமிலிருந்து பிழைத்து வந்த யூதர் ஒருவரின் நினைவுக்குறிப்பு அது. நான்கு வாரம், தினமும் 45 நிமிடம். "நான் தஞ்சாவூரில் வளர்ந்தவள். இங்கே வரும்வரை ஒரு யூதரைக்கூடப் பார்த்ததில்லை. இதை நடத்த எனக்கு என்ன தகுதி? கூட வேலை செய்பவர் ஒருவர் 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்' நாவலையும் சேர்த்துக்கொள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்கிறார். இன்னொருவர் வகுப்பில் ரயில் பெட்டி அளவுக்குக் கோடு போட்டு எல்லோரையும் நிற்க வைத்துப் பார் என்கிறார். நான் எங்கே தொடங்குவது?"

நியூ ஜெர்சியில் 16 வருடமாக இதே புத்தகத்தை நடத்தி வருகிறேன். இந்த மாநிலத்தில் 1994 முதல் எல்லாப் பள்ளிகளிலும் யூதப் பேரழிப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது சட்டப்படி கட்டாயம். அதனால் என்னைப் போல வெளியிலிருந்து வந்த ஆசிரியர்கள் நிறையப் பேர் இதைத் தொட்டே ஆக வேண்டியிருக்கிறது. உங்களுக்கு இருக்கும் தயக்கம் எனக்கும் இருந்தது. அந்தத் தயக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் தகுதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதை அவசரப்படாமல் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் உங்கள் வேலை. அதற்கு மொழி தெரிந்திருக்க வேண்டும், பொறுமை வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இது வரலாற்று வகுப்பு இல்லை, நன்னெறி வகுப்பும் இல்லை. போர் எப்படித் தொடங்கியது, ஹிட்லர் எப்படி ஆட்சிக்கு வந்தார் என்பதை உங்கள் பள்ளியில் வேறு யாராவது நடத்துவார்கள். 'வெறுப்பு தவறு, அன்பு நல்லது' என்று எழுதி வாங்குவதற்கு இந்தப் புத்தகமே தேவையில்லை. ஆங்கில வகுப்பால் மட்டும் முடிந்த வேலை ஒன்று உண்டு. ஒரு மனிதன் தனக்கு நடந்ததை எந்தச் சொல்லில் சொன்னான், எதைச் சொல்லாமல் விட்டான், யாரை நினைத்துக்கொண்டு எழுதினான் என்று வாக்கியம் வாக்கியமாகப் பார்ப்பது. நான்கு வாரமும் இதைவிட்டு நகராமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்து சேரும்.

வரலாறே வேண்டாமா என்றால், வேண்டும். இரண்டு நாள் ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒரு வரைபடம் மாட்டுங்கள். வீசல் பிறந்த சிகெட் இன்று ருமேனியாவில் இருக்கிறது. 1940 முதல் 1944 வரை அது ஹங்கேரியின் கையில் இருந்தது. ஹங்கேரி ஜெர்மனியின் கூட்டாளி என்பதால் அங்கிருந்த யூதர்கள் பல கொடுமைகளைப் பட்டாலும் பெரும்பாலோர் 1944 வரை வீட்டில்தான் இருந்தார்கள். 1944 மார்ச் 19 அன்று ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. மே நடுவில் ரயில்கள் புறப்படத் தொடங்கின. ஜூலை 9-க்குள், எட்டே வாரத்தில், ஏறத்தாழ 4,40,000 பேரை அனுப்பிவிட்டார்கள். பெரும்பாலும் போலந்தில் இருந்த நாஜிக் கொலை முகாமான ஆஷ்விட்ஸுக்கு. இந்தத் தேதிகளைப் பலகையில் எழுதி, பக்கத்திலேயே 1944 ஜூன் 6, நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய நாள் என்றும் எழுதுங்கள். போர் முடியப் போகிற நேரத்தில் நடந்தது இது என்று மாணவர்களுக்கு அப்போதுதான் உறைக்கும். சிகெட் மக்கள் ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தப் பலகையிலேயே இருக்கிறது. ரஷ்யப் படை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் போதும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

சொற்களுக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். 'ஹோலோகாஸ்ட்' என்ற கிரேக்கச் சொல்லின் பழைய பொருள், முழுவதும் எரித்துக் கடவுளுக்குக் கொடுக்கும் பலி. கொலையைப் பலி என்று சொல்லலாமா என்று கேட்டுப் பலர் அதைத் தவிர்த்து, பேரழிவு என்று பொருள்படும் 'ஷோவா' என்ற ஹீப்ரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். எந்தச் சொல்லை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு சொல்லுக்குள் இப்படி ஒரு வழக்கு இருக்கிறது என்று பிள்ளைகள் முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

இனி புத்தகம். 120 பக்கம்கூட வராது. பல ஆசிரியர்கள் முதல் அத்தியாயத்தை ஒரே நாளில் தாண்டி முகாமுக்குப் போய்விடுகிறார்கள். நான் ஒரு வாரம் முழுவதும் சிகெட்டிலேயே இருக்கிறேன். அங்கே மொய்ஷே என்று ஓர் ஏழை, கோவிலில் எடுபிடி வேலை செய்பவர். ஊரார் கண்ணில் படாமல் இருக்கத் தெரிந்தவர். வெளிநாட்டு யூதர் என்று சொல்லி அவரையும் இன்னும் பலரையும் ரயிலில் ஏற்றி அனுப்புகிறார்கள். மாதங்கள் கழித்து அவர் மட்டும் திரும்பி வருகிறார். காட்டில் குழி தோண்ட வைத்துச் சுட்டார்கள், காலில் குண்டு பட்டு செத்தவன் மாதிரி கிடந்து தப்பினேன் என்கிறார். வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார். யாரும் நம்பவில்லை. பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள்.

இதைப் படித்ததும் மாணவர்களில் பாதிப் பேர், "இவ்வளவு முட்டாள்களா?" என்பார்கள். கோபப்படாதீர்கள். பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ரயில் கடைசியாக நின்ற இடத்தில் ஜன்னலருகே இருந்த ஒருவர் நிலையத்தின் பெயரைப் படிக்கிறார்: ஆஷ்விட்ஸ். அந்தப் பெயரை அங்கே யாரும் கேள்விப்பட்டதே இல்லை என்று எழுதுகிறார் வீசல். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவேன். 'உங்களில் யாருக்கு இந்தப் பெயர் தெரியாது?' என்று கேட்பேன். எல்லோருக்கும் தெரியும். அப்போது வகுப்பில் ஓர் அமைதி வரும். நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. நம் அறிவை எடுத்து அவர்கள் தலைக்குள் வைத்துவிட்டு, அப்புறம் அவர்களை முட்டாள் என்கிறோம். பின்னோக்கிப் பார்ப்பவரின் இந்தப் பிழையைப் பதினைந்து வயதுப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது, அதன் பிறகு புத்தகத்தை வாசிக்கிற விதமே மாறிவிடுகிறது.

மொய்ஷே கதைக்குப் பின்னால் இருக்கும் உண்மையையும் சொல்லுங்கள். 1941 கோடையில் ஹங்கேரி தன் குடிமக்கள் அல்லாதவர்கள் என்று சொல்லி ஆயிரக்கணக்கான யூதர்களைக் கிழக்கே தள்ளியது. ஆகஸ்ட் கடைசியில் உக்ரைனின் காமியானெட்ஸ்-பொதில்ஸ்கி நகரில் மூன்றே நாளில் ஏறத்தாழ 23,600 பேரை ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். நச்சுவாயு அறைகளுக்கு முன்பே துப்பாக்கியாலும் குழிகளாலும் இது தொடங்கிவிட்டது. கொல்லப்பட்ட அறுபது லட்சம் பேரில் ஒரு பெரிய பங்கு தங்கள் ஊருக்கு அருகிலேயே சுடப்பட்டவர்கள். ஆஷ்விட்ஸ் என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிட்ட மாணவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

அடுத்து முகாம் வாசல். 'ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம்' என்ற கட்டளை ஆங்கிலத்தில் எட்டுச் சொல். எட்டுச் சொல் என்று வீசலே எண்ணிச் சொல்கிறார். அந்த எட்டுச் சொல்லில் அவர் தன் அம்மாவையும் தங்கை சிபோராவையும் கடைசியாகப் பார்க்கிறார். அது கடைசி என்று அப்போது அவருக்குத் தெரியாது. எழுதும்போது தெரியும். அந்த இரண்டு காலமும் ஒரே பத்தியில் எப்படி இருக்கின்றன என்று பென்சிலால் அடிக்கோடிடச் சொல்லுங்கள். எந்த வாக்கியம் சிறுவனுடையது, எந்த வாக்கியம் பெரியவருடையது? வகுப்பு முழுக்க இதற்குச் சண்டை நடக்கும். நல்ல சண்டை.

சில பக்கம் தாண்டினால் 'ஒருபோதும் மறக்க மாட்டேன்' என்று திரும்பத் திரும்ப வரும் பத்தி. பிரார்த்தனை மாதிரி ஒலிக்கும். வாய்விட்டு வாசியுங்கள், நீங்களே வாசியுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். பிறகு எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஏழு. அந்த இரவே ஏழு முறை முத்திரையிடப்பட்டது என்று முதல் வரியிலேயே இருக்கிறது. மதநூலின் ஓசையை எடுத்துக் கடவுள் மீதே குற்றம் சாட்டுகிறார் என்பதை யாராவது ஒரு மாணவர் கண்டுபிடித்துவிடுவார். என் அனுபவத்தில் பெரும்பாலும் அது வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையாக இருக்கும்.

படம் காட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். என் முதல் வருடத்தில், விடுவிக்கப்பட்ட முகாமில் ராணுவம் எடுத்த படத்தை முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் ஓட்டினேன். பிணக் குவியல்கள். ஒரு பெண் பிள்ளை எழுந்து வெளியே ஓடினாள். மறுநாள் யாரும் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, படத்தைப் பற்றியும் பேசவில்லை. அந்தப் பிணங்கள் ஒவ்வொன்றும் ஒரு பெயர் கொண்ட மனிதர். ஒரு பாட வேளையின் அதிர்ச்சிக்காக அவர்களை நான் பயன்படுத்திக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. பத்திரமாக உள்ளே கூட்டிப் போய்ப் பத்திரமாக வெளியே கொண்டுவர வேண்டும் என்று இந்தத் துறை ஆசிரியர்கள் சொல்வதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இப்போது நான் காட்டுவது 'ஆஷ்விட்ஸ் ஆல்பம்' என்று அழைக்கப்படும் தொகுப்பிலிருந்து இரண்டே இரண்டு புகைப்படம். வீசல் குடும்பம் போய்ச் சேர்ந்த அதே பருவத்தில், 1944 மே, ஜூன் மாதங்களில், ஹங்கேரி யூதர்கள் ரயிலிலிருந்து இறங்குவதை முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்எஸ்ஸின் ஆட்களே எடுத்தது. ஏறத்தாழ 200 படங்கள். லிலி யாகோப் என்ற பெண், விடுதலைக்குப் பிறகு வேறொரு முகாமில் தற்செயலாக அதைக் கண்டெடுத்தார். உள்ளே அவருடைய சொந்த ஊர்க்காரர்களும் குடும்பத்தாரும் இருந்தார்கள். படத்தைக் காட்டிவிட்டு நான் கேட்கும் முதல் கேள்வி: கேமரா யார் கையில் இருந்தது? இதே இடத்தை வீசல் சொல்லும்போது கண் எங்கே இருக்கிறது, படத்தில் கண் எங்கே இருக்கிறது? கதையை யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்று இலக்கிய வகுப்பில் தினமும் கேட்பதுதான். இங்கே அந்தக் கேள்விக்கு வரும் கனமே வேறு.

சரி, கோடு போட்டு நிற்க வைக்கும் யோசனை. தயவுசெய்து வேண்டாம். வாஷிங்டனில் இருக்கும் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தின் ஆசிரியர் வழிகாட்டுதலும் இதைத் தெளிவாகவே தவிர்க்கச் சொல்கிறது. நான் வேறொரு வகுப்பில் இதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், ஒருவரை ஒருவர் இடித்தார்கள், சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பதினைந்து வயதில் கூட்டமாக நின்றால் சிரிப்புதான் வரும். புத்தகத்தில் ஒரு பெட்டிக்கு எண்பது பேர், தண்ணீர் இல்லை, பல நாள். அதைப் பத்து நிமிடத்தில் உணர்ந்துவிட்டோம் என்று நினைத்து ஒரு பிள்ளை வீட்டுக்குப் போனால், அது எதுவும் தெரியாமல் இருப்பதைவிட மோசம். 'நீ ஒரு கைதி என்று கற்பனை செய்து டைரி எழுது' என்ற வீட்டுப்பாடமும் இதே வகைதான். அதையும் தவிருங்கள்.

அதே ரயில் பெட்டிக்கு என்னிடம் வேறு வழி இருக்கிறது. டான் பாகிஸ் என்ற கவிஞர். 1930-இல் புகோவினாவில் பிறந்தவர், சிறுவனாக முகாமில் இருந்து தப்பியவர், பின்னாளில் இஸ்ரேலில் ஹீப்ருவில் எழுதினார். பூட்டிய ரயில் பெட்டிக்குள் பென்சிலால் எழுதியது என்று தலைப்பிட்டு ஆறு வரியில் ஒரு கவிதை. பேசுவது பைபிளில் வரும் முதல் பெண் ஏவாள், கூட இருப்பது மகன் ஆபேல், அண்ணன் காயீன் கையால் கொலையாகிறவன். என் இன்னொரு மகன் காயீனைப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள் என்று தொடங்கி வாக்கியம் நடுவிலேயே நின்றுவிடுகிறது. என்ன சொல்ல வந்தாள்? பிள்ளைகளை அந்த வரியை முடிக்கச் சொல்லாதீர்கள், அது ஏன் முடியவில்லை என்று கேளுங்கள். பென்சில் முனை உடைந்ததா, கதவு திறந்ததா, சொல்லவே முடியாததா? கடைசி வரியை மறுபடி முதல் வரியோடு சேர்த்துப் படித்தால் கவிதை வட்டமாகச் சுற்றும். அதையும் ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். ஹீப்ருவில் 'ஆதாமின் மகன்' என்பதும் 'மனிதன்' என்பதும் ஒரே சொல் என்று மட்டும் கடைசியில் சொல்லுங்கள். காயீனும் மனிதன். 45 நிமிடம் போவதே தெரியாது.

பைஜாமா நாவலைப் பற்றி நான் உறுதியாகவே சொல்கிறேன், சேர்க்காதீர்கள். முகாம் தலைவரின் ஒன்பது வயது மகன் வேலிக்கு இந்தப் பக்கம், யூதச் சிறுவன் அந்தப் பக்கம், இருவருக்கும் நட்பு. ஆஷ்விட்ஸுக்கு வந்த யூதக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் வந்த அன்றே கொல்லப்பட்டார்கள். வேலியில் மின்சாரம் ஓடியது. ஒரு நாஜி அதிகாரியின் மகனுக்கு யூதர் என்றால் யார் என்றே தெரியாது என்பது அந்தக் கால ஜெர்மனியில் நடக்கக்கூடியதே இல்லை, பள்ளிப் பாடத்திலேயே வெறுப்பு இருந்தது. இந்த வரலாற்றைப் படிப்பவரும் நடத்துபவரும் அந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் நினைவகமே 2020 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. எனக்கு இவற்றைவிடப் பெரிய வருத்தம் வேறு. அந்தக் கதையின் முடிவில் வாசகர் யாருக்காக அழுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். முகாம் தலைவரின் குடும்பத்துக்காக. கற்பனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிந்தியா ஓசிக்கின் 'தி ஷால்' சிறுகதை முழுக்கக் கற்பனை, சில பக்கம்தான், ஆனால் ஒரு வாக்கியம்கூட வாசகரைச் சமாதானப்படுத்தாது.

சமாதானம் என்றதும் ஆன் ஃபிராங்க் நினைவுக்கு வருகிறார், ஆம்ஸ்டர்டாமில் குடும்பத்தோடு ஒளிந்திருந்து டைரி எழுதிய யூதச் சிறுமி. உங்கள் மாணவர்களில் பலர் எட்டாம் வகுப்பில் அந்த டைரியை, அல்லது அதன் நாடக வடிவத்தைப் படித்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் பிறகும் மனிதர்கள் உள்ளுக்குள் நல்லவர்கள் என்றே நம்புகிறேன் என்ற வரிதான் அவர்களுக்கு நினைவிருக்கும். 1955-இல் அரங்கேறிய நாடகம் அந்த வரியோடு முடிகிறது. டைரியில் அந்த வரி 1944 ஜூலை 15 தேதியிட்ட பதிவின் நடுவில் இருக்கிறது. அடுத்ததாகவே உலகம் பாழ்நிலமாவதைப் பார்க்கிறேன், நெருங்கி வரும் இடியோசை ஒரு நாள் எங்களையும் அழிக்கும் என்று எழுதுகிறாள், பிறகு வானத்தைப் பார்த்தால் மீண்டும் நம்பிக்கை வருகிறது என்கிறாள். இருபது நாள் கழித்து, ஆகஸ்ட் 4 அன்று, கைது. 1945 தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் இறக்கும்போது அவளுக்குப் பதினைந்து வயது, உங்கள் மாணவர்களின் வயது. அந்த முழுப் பதிவையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்து, நாடகத்தின் முடிவோடு பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். நமக்கு வேண்டிய ஆறுதலை அந்தப் பிள்ளையிடமிருந்து எப்படிப் பிடுங்கிக்கொண்டோம் என்று அவர்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் இங்கே சேர்க்கலாம். 1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து ஒலிபரப்பான டச்சு வானொலியில் ஓர் அமைச்சர், மக்கள் டைரிகளையும் கடிதங்களையும் பாதுகாத்து வையுங்கள் என்று பேசினார். அதைக் கேட்ட பிறகு ஆன் தன் டைரியைப் புத்தகமாக வெளியிடும் எண்ணத்தோடு திருத்தி எழுதத் தொடங்கினாள். வெட்டினாள், சேர்த்தாள், மாற்றுப் பெயர்கள் வைத்தாள். அவள் பாவப்பட்ட குழந்தை மட்டும் இல்லை, வேலையில் இருந்த ஓர் எழுத்தாளர். இதைச் சொன்னால் மாணவர்கள் அவளைப் பார்க்கும் பார்வையில் மரியாதை கூடுவதை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

எழுத்தாளர் திருத்தி எழுதினார் என்றதும், 'அப்படியென்றால் இது பொய்யா?' என்று ஒருவர் கேட்பார். கட்டாயம் கேட்பார். அந்தக் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள், ஏனென்றால் யூதப் பேரழிப்பே நடக்கவில்லை என்று மறுப்பவர்கள் இணையத்தில் அதே கேள்வியை வைத்துத்தான் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள். நடந்ததை மொழியில் செதுக்குவது வேறு, நடக்காததை நடந்தது என்பது வேறு. பின்யமின் வில்கோமிர்ஸ்கி என்ற பெயரில் 1995-இல் வந்த ஒரு முகாம் நினைவுக்குறிப்பு பரிசுகள் வாங்கி, சில வருடத்தில் முழுப் புனைவு என்று அம்பலமானது. அம்பலப்படுத்தியவர்கள் ஆவணங்களைத் தேடிப் போன எழுத்தாளரும் வரலாற்றாசிரியரும்தான். உண்மையில் அக்கறை உள்ளவர்களே பொய்யைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லுங்கள், போதும்.

பிரீமோ லெவியிலிருந்து இரண்டு பக்கமாவது கொடுங்கள். டூரின் நகரத்து வேதியியலாளர், ஆஷ்விட்ஸில் எண் 174517. 1947-இல் அவர் புத்தகம் முதலில் வந்தபோது அச்சிட்டது 2,500 பிரதி. தாகத்தில் ஜன்னலுக்கு வெளியே தொங்கிய பனிக்கட்டியை அவர் ஒடித்து எடுக்க, காவலாளி பிடுங்கிக்கொள்கிறான். ஏன் என்று கேட்டதற்கு, இங்கே ஏன் என்பதே இல்லை என்கிறான். அதே புத்தகத்தில் இன்னோர் இடத்தில், பசி, களைப்பு, குளிர் என்பவை சுதந்திர மனிதர்கள் உருவாக்கிய சொற்கள், எங்கள் பசி வேளைச் சாப்பாடு தவறிய பசி இல்லை, இதற்கு வேறு மொழி வேண்டும் என்கிறார். ஒரு மொழி வகுப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? இதைப் படித்த பிறகு 'நைட்' நூலில் 'ரொட்டி', 'சூப்' என்ற சொற்கள் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். பக்கங்கள் போகப் போக உலகமே அந்த இரண்டு சொல்லுக்குள் சுருங்குவது தெரியும்.

புத்தகத்தின் நெஞ்சு எங்கே இருக்கிறது என்று கேட்டால், தூக்குமேடைக் காட்சி என்று பலர் சொல்வார்கள். நான் அப்பா மகன் என்பேன். 1945 ஜனவரியில் கைதிகளை முகாமிலிருந்து கிளப்பிப் பனியில் ஓட விட்ட அந்த இரவில், ஒரு ரபி, அதாவது யூத மதகுரு, தன் மகனைத் தேடிக்கொண்டு வருகிறார். மகன் அப்பா தளர்வதைப் பார்த்துவிட்டுத்தான் முன்னால் ஓடினான் என்று வீசலுக்குப் பிறகு நினைவு வருகிறது. நான் அப்படிச் செய்யாமல் இருக்கப் பலம் கொடு என்று, நம்பிக்கையே போய்விட்ட கடவுளிடம் வேண்டுகிறார். பிறகு ரயிலில் ஒரு துண்டு ரொட்டிக்காக ஒரு மகன் அப்பாவையே அடிக்கிறான். கடைசியில் புக்கன்வால்ட் முகாமில் வீசலின் அப்பா இரவில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், மகன் அசையவில்லை. மூன்று காட்சியும் ஒன்றை ஒன்று நோக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. முதல் இரண்டையும் முன்னால் வைத்திராவிட்டால் மூன்றாவதை அவரால் எழுதியிருக்கவே முடியாது என்று நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் மாணவர்கள் தீர்ப்புச் சொல்லத் தயாராவார்கள். 'நான் என்றால் போயிருப்பேன்.' லாரன்ஸ் லாங்கர் என்ற அறிஞர் இதற்காகவே 'தேர்வே இல்லாத தேர்வு' என்று பொருள்படும் ஒரு தொடரை உருவாக்கினார். எந்தப் பக்கம் போனாலும் இழப்பு, இரண்டையும் வேறொருவன் அமைத்து வைத்திருக்கிறான். அந்தத் தொடரைப் பலகையில் எழுதிவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன். அன்றைக்குக் கலந்துரையாடல் வைப்பதில்லை. ஒரு பக்கம் எழுதச் சொல்வேன், யாரிடமும் காட்ட வேண்டாம், மதிப்பெண்ணும் இல்லை.

மதிப்பெண் போடும் கட்டுரைகளில் நான் விடாமல் பிடிக்கும் விஷயம் வினைச்சொல். 'யூதர்கள் இறந்தார்கள்', 'உயிர்கள் பறிபோயின', 'கொல்லப்பட்டார்கள்'. செயப்பாட்டு வினையில் கொன்றவன் காணாமல் போய்விடுகிறான். தமிழில் கட்டுரை எழுதிப் பழகிய நமக்கு இந்தப் பழக்கம் நன்றாகவே தெரியும். யார் செய்தார்கள் என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பேன். காவலர்கள், ரயில்வே ஊழியர்கள், ஹங்கேரி போலீஸ், எஸ்எஸ் என்று எழுவாய்கள் வரத் தொடங்கும். கொலைகாரர்களே 'சிறப்பு நடவடிக்கை', 'மறுகுடியேற்றம்' என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் இலக்கணத்தை நம் பிள்ளைகள் தெரியாமல் தொடர வேண்டியதில்லை.

ஒப்பிடலாமா என்ற கேள்வியும் வரும். ருவாண்டா, கம்போடியா, ஆர்மீனியா. என் வகுப்பில் ஈழக் குடும்பத்துப் பையன் ஒருவன் பாடம் முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து, "என் பாட்டியும் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியோடு வந்தவர்" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. சிகெட் குடும்பங்கள் வீட்டை விட்டு இறங்கும் பக்கத்தைத்தான் அன்று படித்திருந்தோம். ஒரு வேதனை இன்னொன்றைப் புரிய வைப்பது நல்லது, தடுக்காதீர்கள். இரண்டையும் தராசில் வைத்து எது பெரிது என்று பார்க்கும் பேச்சு வந்தால் மட்டும் நிறுத்துங்கள். எது எங்கே வேறுபடுகிறது என்று துல்லியமாகச் சொல்லப் பழக்குங்கள்.

யாரை நாம் கேட்கவில்லை என்ற கேள்வியை ஒரு நாளாவது வையுங்கள். நாம் படிப்பதெல்லாம் பிழைத்தவர்கள் எழுதியது. பிழைத்தவர்கள் விதிவிலக்குகள் என்று லெவி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பெல்செக் முகாமில் 4,30,000-க்கும் அதிகமான யூதர்களைக் கொன்றார்கள். அங்கிருந்து தப்பித் தன் சாட்சியைப் புத்தகமாக விட்டுச் சென்றவர் ருடால்ஃப் ரெடர் ஒருவர்தான். ஒரு முகாமின் இலக்கியம் முழுவதும் ஒரு சிறு நூல். நேரம் இருந்தால் ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' படக்கதையின் முதல் பாகத்தின் கடைசிப் பக்கங்களையும் கொடுக்கலாம், அம்மாவின் டைரிகளை அப்பா எரித்துவிட்டார் என்று மகனுக்குத் தெரியவரும் இடம். 2022 ஜனவரியில் டென்னஸி மாநிலத்தின் மக்மின் மாவட்டக் கல்விக் குழு அந்தப் புத்தகத்தை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து 10-0 என்ற வாக்கில் நீக்கியது. எனவே பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள், என்ன படிக்கப் போகிறோம், ஏன் என்று. எனக்கு அந்தக் கடிதத்தால் தொந்தரவு வந்ததே இல்லை. வீட்டில் யாரும் பேசாமல் வைத்திருந்த கதைகள்தான் வந்திருக்கின்றன.

கடைசி வாரத்தைக் கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடுதலைக்குப் பிறகு நோயிலிருந்து எழுந்த சிறுவன் கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறான். உங்கள் பள்ளி அலமாரியில் 1960-இல் வந்த ஸ்டெல்லா ராட்வேயின் பழைய மொழிபெயர்ப்பு கொஞ்சம் கிடக்கும். வாங்கித் தருவது 2006-இல் வீசலின் மனைவி மரியன் செய்த புதியதாக இருக்கும். பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு இது. பழையதில் கண்ணாடியின் ஆழத்திலிருந்து ஒரு பிணம் திரும்பிப் பார்த்தது. புதியதில் ஒரு பிணம் அவனை நோக்கி ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்ப்பதென்றால் இவன் முதலில் பார்த்திருக்க வேண்டும். ஆழ்ந்து பார்ப்பதென்றால் பிணம் ஏற்கனவே அங்கே காத்திருந்தது. இரண்டிலுமே 'என் கண்கள்' இல்லை, 'அவன் கண்கள்'தான்.

அப்புறம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லுங்கள். இந்தப் புத்தகம் முதலில் வந்தது 1956-இல், புவனோஸ் ஐரிஸில், இட்டிஷ் மொழியில், 245 பக்கம். தலைப்பு 'உலகமோ மௌனமாக இருந்தது'. அதில் கண்ணாடியோடு கதை முடியவில்லை. அவன் கண்ணாடியைக் கையால் உடைக்கிறான். பத்து வருடம் கழித்து ஜெர்மனி மறுபடி தனி நாடாகிவிட்டது, எல்லோரும் மறக்கிறார்கள் என்று கோபத்தோடு போகிறது. தன் சொந்த மக்களின் மொழியில் எழுதியபோது கண்ணாடி உடைந்தது. 1958-இல் பிரெஞ்சில், மற்ற உலகத்துக்காக எழுதியபோது கண்ணாடி அப்படியே இருக்கிறது, தலைப்பும் ஒற்றைச் சொல்லாகிவிட்டது. நவோமி சைட்மன் 1996-இல் இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. நீங்கள் வகுப்புக்குப் போகும் முன் அதைப் படித்துவிடுங்கள், மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

எந்த முடிவு உண்மையானது என்று அவர்கள் கேட்பார்கள். இரண்டும் அவர் எழுதியதுதான் என்று மட்டும் சொல்லுங்கள். அன்று மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே பேச்சை நிறுத்திவிடுங்கள். வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். அடுத்த புத்தகத்தை மறுநாளே தொடங்கவும் வேண்டாம்.